காக்காய்க் கூப்பாட்டுக்கு வரும் நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு நான் வைத்த பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஆங்கிலப் பேர், கம்பீரமான பேர், வாய் நிறைய இருக்கும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய் வராது என்பது திருப்போரூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். உங்களிடமும் சொல்லி ஏன் இன்னொரு தடவை மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையும் அப்படிப்பட்ட வேலை. கடற்கரையை ஒட்டிய ஆராய்ச்சி வளாகம் ஒன்றில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறேன். நூறு காட்ட வேண்டிய முள் தொண்ணூற்று ஒன்பதில் நின்றால், அதைத் திருத்திச் சீட்டு ஒட்டும் வரை எனக்குச் சோறு இறங்காது. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். மனைவிக்குத் திருப்போரூரேதான், கோயில் வேலையில் இருந்த குடும்பம். அவள் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சாப்பாட்டுப் பை நெளிந்தது. நெம்மேலியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், நனைந்துபோய் அவள் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்ததாம். செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. சுத்தமான நாட்டு நாய். நான் கத்தினேன். இந்த வீட்டில் நாயா, யார் பார்ப்பது, யார் கழுவுவது, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது என்று ஒரு அரை மணி நேரம் விடாமல் கத்தினேன். அவள் பாட்டுக்குப் பழைய துண்டால் அதைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, பால் வாங்கி வரச் சொன்னாள். போய் வாங்கி வந்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

பாலும் தப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. மாட்டுப்பால் குடித்த குட்டிக்கு ராத்திரியெல்லாம் வயிறு போயிற்று. விடிந்ததும் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த கால்நடை டாக்டர் ஒரு அம்மா. ஐந்து வார்த்தை பேசினால் ஆறாவது வார்த்தையை மிச்சம் பிடிப்பவர். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார், எந்தத் தடுப்பூசி எப்போது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார், வெறிநாய்க்கடி ஊசியை மட்டும் ஒருநாளும் தவற விடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பால் வேண்டாம், தயிர்சோறு கொஞ்சம் தரலாம், ஆனால் தயிர்சோற்றிலேயே வளர்ந்துவிடாது, முட்டையும் கறியும் வேண்டும் என்றார்.

முட்டை என்றதும் என் மனைவி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறிய சரித்திரம் கிடையாது. கடைசியில் மொட்டைமாடியில் தனி அடுப்பு, தனிச் சட்டி, சமைப்பது நான் என்று உடன்பாடு ஆயிற்று. நாய்க்கு இரண்டு முட்டை வேகும்போது மூன்றாவதாக ஒன்றும் கூடவே வெந்தது. அது யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் நாய் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. மீட்டருக்கு இருப்பதுபோல் நாய்க்கும் ஒரு நடைமுறை வேண்டும் என்று தாள் எடுத்து எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாப்பிட்ட உடனே வெளியே, தூங்கி எழுந்த உடனே வெளியே, விளையாடி முடித்த உடனே வெளியே. ஒவ்வொரு தடவையும் அதே வேப்பமரத்தடி. அங்கே ஒன்றுக்கு இருந்தால் அந்த நொடியே தட்டிக் கொடுத்து ஒரு துண்டு தின்னக் கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் இருந்துவிட்டால் வாயைத் திறக்காமல் துடைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் துடைப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் அதுவே கதவருகில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த பெருமை! மகளுக்குப் போன் போட்டு நாய் ஒன்றுக்குப் போனதைப் பத்து நிமிடம் விவரித்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாளாம்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. எனக்கு நாய் பழக்க வரும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த பாடம் கூப்பிட்டால் வருவது. பேரைச் சொல்லி, கூடவே ஆங்கிலத்தில் வரச் சொல்லுவேன். ஒரு விசில்கூட வாங்கினேன். குட்டியாக இருந்தபோது உருண்டு உருண்டு வந்தது. நான்கு மாதமாயிற்று, ஐந்து மாதமாயிற்று, வருவது குறைந்துகொண்டே போயிற்று. ஆறாவது மாதத்தில் நான் பேரைச் சொன்னதும் எழுந்து, மிக மரியாதையாக, எதிர்ப்பக்கம் நடந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கத்துவேன். அது என் முகத்தை நக்கிவிட்டு இன்னும் உள்ளே தள்ளிப் போகும்.

இங்கே காக்காய்க் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி தினமும் குளித்து, சமையல் முடித்து, முதல் சோற்றை மொட்டைமாடியில் காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் எதையும் வாயில் வைப்பாள். இரண்டு உருண்டை. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தது. ஒன்று அவள் அப்பாவுக்கு, அது கைப்பிடிச் சுவர் மேல். இன்னொன்று என் அப்பாவுக்கு. சுவரில் இரண்டுக்கு இடம் பற்றாமல் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வைப்பாள். வைத்துவிட்டுக் கா, கா என்று கூப்பிடுவாள். வகுப்பறையில் பின்பெஞ்சுக்குக் கேட்கிற குரல், தெருக்கோடி வரை போகும். என் அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். நிஜத்தில் வெட்கம். ஆபீசில் சீட்டு ஒட்டுகிற மனுஷன் மாடியில் நின்று கா கா என்று கத்துவதா? அப்பாவைக் கூப்பிடுவது எப்போதுமே பெரிய வேலைதான். பேப்பரை விரித்துவிட்டால் சாப்பிடக் கூப்பிடுகிற முதல் கூப்பாட்டுக்குத் தலை நிமிராது. இரண்டாவதுக்கு ஒரு 'ம்' வரும். மூன்றாவதுக்குத்தான் எழுந்து வருவார். அம்மா ஆயுசு முழுக்க அவரை மும்மூன்று தடவை கூப்பிட்டாள்.

சுவர் உயரம், தொட்டி மூடி தாழ்வு. குட்டிக்கு எது எட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த மறுவாரமே அது என் அப்பாவின் பங்கைக் கண்டுபிடித்துவிட்டது. காக்காய் யோசித்து யோசித்து இறங்குவதற்குள் இது தொட்டி மூடியை நக்கித் துடைத்து வைத்துவிடும். மனைவி விரட்டுவதில்லை, இன்னொரு உருண்டை பிசைந்து வைப்பாள். இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. நான் ஒருநாள் ஈரத்துணி காயப்போட மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். அவள் கா என்று வாயெடுத்ததும், கீழே கட்டிலுக்கு அடியில் கிடந்த நாய் பதினெட்டுப் படியையும் நாலே தாவலில் ஏறி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் வராத நாய்!

"மாமா பங்கைத்தான் தினம் இது சாப்பிடுது. மாமாவே வர்றாரோ என்னவோ," என்று சிரித்தாள் அவள்.

எனக்கு வந்ததே கோபம். என் அப்பா நாயா என்று கேட்டேன். ஈரத்துணியைக் கொடியில் போடாமல் தரையில் போட்டேன். பிண்டச் சோற்றை நாய்க்குப் போடுவது உங்கள் வீட்டுப் பழக்கமா, நாய்க்கு நான் ஒழுங்காகப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நீ காக்காய்க் கத்தல் பழக்கிவைக்கிறாயா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா கூப்பிடுறது நான். உங்க அப்பாவை நீங்க ஒருநாளாவது கூப்பிட்டிருக்கீங்களா?"

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நாயைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். காதில் ஏதோ கோளாறு, பேர் சொன்னால் கேட்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்வதற்காக. மனைவியும் பேசாமலே கூட வந்தாள்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு எங்களோடு பேசிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை லேசாகக் கசக்கினார். நாயின் இரண்டு காதும் சேர்ந்து திரும்பின. கடைசியாக எதற்கெல்லாம் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் யோசித்துச் சொன்னேன். குளிப்பாட்ட. உண்ணி பிடுங்க. காதுக்கு மருந்து விட. நகம் வெட்ட. விருந்தாளி வந்தால் கட்டிப்போட. செருப்பைக் கடித்தபோது செருப்பைக் காட்டித் திட்ட. சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"உங்க நாய்க்குக் காது நல்லாத்தான் கேக்குது சார். கேக்குறதாலதான் வரல," என்றார் அவர்.

அன்றைக்குத்தான் அவர் ஒரே மூச்சில் பத்து வார்த்தைக்கு மேல் பேசிக் கேட்டேன். நாய்க்கு அர்த்தம் தெரியாது, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியும். கசப்பான காரியத்துக்குக் கூப்பிடாதீர்கள், நீங்களே எழுந்து போய்த் தூக்கி வாருங்கள். கூப்பிட்டு வந்த நாயை எக்காரணம் கொண்டும் திட்டாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் சரி. திட்டினால் வந்ததற்குத்தான் திட்டு என்று எடுத்துக்கொள்ளும். கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டு, நல்லது மட்டுமே நடக்கிற ஒரு சத்தத்தைப் பிடியுங்கள். அப்படி ஏதாவது இருக்கிறதா?

மனைவி மெதுவாக, கா கா என்றால் எங்கிருந்தாலும் வருகிறது டாக்டர் என்றாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்ன, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நடுரோட்டில் நின்று காக்காயைக் கூப்பிட நான் தயாரில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிடிவாதம் என்றால் அது என் பிடிவாதம். பேரையே சீர்படுத்திக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். குளிப்பாட்ட நானே தூக்கிக்கொண்டு போனேன். உண்ணிக்கு டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டதில் பிடுங்குகிற வேலை போயிற்று. வெயில் ஏறுவதற்குமுன் நடக்கக் கூட்டிப்போவேன். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து, நம்மால் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் காலாலும் பொறுக்க முடியாது என்று திரும்பிவிடுவேன். நீளமான கயிறு கட்டி, தூரத்தில் விட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்தது. வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு. பத்துக்குப் பத்து. ஆனால் கூப்பிடும்போதெல்லாம் என் கை கயிற்றை லேசாகச் சுண்டிக்கொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. தப்பான மீட்டரை வைத்து இன்னொரு மீட்டரைச் சரிபார்க்கிற புதுப்பையனைப் பிடித்து லெப்ட் ரைட் வாங்குகிறவன் நான். என் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எங்கள் பிரிவில் ஒருவர் லாப்ரடார் வைத்திருக்கிறார். உட்கார், படு, கைகொடு எல்லாம் செய்யும். டீ நேரத்தில் அவர் தினமும் அதன் புகழ் பாடுவார். நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது சார், அதுங்க ரத்தம் அப்படி என்று ஒருநாள் சொன்னார். பொறுக்க முடியவில்லை. என் நாயைக் கட்டவிழ்த்துவிட்டுக் கடற்கரையில் ஒரே கூப்பாட்டில் வரவழைத்துக் காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் காற்று வாங்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொன்னேன். காரில் ஏறும்போது மனைவி கதவு வரை வந்து, நாயின் மடங்கிய காதை நிமிர்த்திவிட்டு, எது செய்தாலும் செயினை மட்டும் அவிழ்க்காதீர்கள் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் கடற்கரை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், வாரி விட்ட முடியோடு விதவிதமான சீமை நாய்கள். இந்தப் பக்கம் போட்டுகள் கரையேறி, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேலே காக்காய்க் கூட்டம். லாப்ரடார் எங்களுக்கு முன்னாலேயே வந்து, அவர் காலடியில் தங்கப் பதக்கம் வாங்கியதுபோல் உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து செயினை அவிழ்த்தேன்.

ஒரு நொடி அது என்னைப் பார்த்தது. உண்மைதானா என்று கேட்பதுபோல் இருந்தது. அப்புறம் கடலைப் பார்த்தது, மீனைப் பார்த்தது, போயே போய்விட்டது. போட்டுகளுக்கு நடுவில் செம்பழுப்பாக ஒருமுறை தெரிந்தது. குப்பத்து நாய்கள் இரண்டு துரத்தின. பிறகு எதுவும் தெரியவில்லை.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். விசில் ஊதினேன். லாப்ரடார் மட்டும் எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மணலில் ஓடினேன், சர்ச்சுப் பக்கம் போனேன், தர்கா பக்கம் போனேன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாத்த, நாய் ரோட்டுப் பக்கமாகப் போய்கினு இருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ரோடு என்றால் ஈசிஆர். ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் வருகிற வேகம் எனக்குத் தெரியும். தூரத்தில் ஒரு பஸ் நீளமாக ஹார்ன் அடித்தது, பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. கால் நின்றுவிட்டது.

வீட்டுக்கு எப்படிப் போவேன்? கதவைத் திறந்ததும் அவள் என்னைப் பார்க்க மாட்டாள், என் காலுக்குக் கீழேதான் பார்ப்பாள். நனைந்துபோய் அவள் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்த நாய். இன்னும் அவள் செருப்பின் மேல் தலை வைத்துத்தான் தூங்குகிறது. அதை நான் ஒரு டீ நேரத்து வீம்புக்காகத் தொலைத்துவிட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன், அன்றைக்குப்போல் என்மேலேயே கோபப்பட்டதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். முக்கால் மணி நேரமாகத் தெரிந்துகொண்டேதான் அந்த ஒரு சத்தத்தை மட்டும் போடாமல் ஓடினேன்.

மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இன்னா சார் இது, காலைலேருந்து வாயில நொழையாத பேரச் சொல்லிக் கத்திகினு கீற, அது எப்படி வரும் என்றார். நியாயமான கேள்வி.

கரையேற்றி வைத்திருந்த போட்டு ஒன்றின் விளிம்பில் ஏறி நின்றேன். ரோட்டுப் பக்கமாகத் திரும்பினேன். ஐம்பத்து மூன்று வயது, சட்டைப் பையில் ஆபீஸ் பேனா, சுற்றிலும் சென்னை ஜனம், கீழே லாப்ரடார்காரர். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"கா! கா! கா!"

மானம் கப்பலேறியது. முதலில் வந்தது காக்காய்தான். ஏல மீனுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் வந்து போட்டைச் சுற்றி இறங்கியது. மீன்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கேயோ ஒரு கூட்டம் கைதட்டியது. நான் நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ரோட்டுச் சந்திலிருந்து, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி, செம்பழுப்பாக ஒன்று வந்தது. அடேயப்பா, அது வந்த வேகம்! காக்காயெல்லாம் நாலாபக்கமும் சிதறின. போட்டின் மேலேயே தாவி ஏறி, என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்து, தொட்டி மூடி எங்கே என்று தேடியது.

அடிக்கக் கை எழுந்தது, பொய் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கையை இறக்கிப் பையிலிருந்த கோழித்துண்டு அத்தனையையும் மணலில் உட்கார்ந்து ஊட்டினேன். அதன் கழுத்து முழுக்க மீன் நாற்றம். அந்த நாற்றத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். லாப்ரடார்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் நாய்கூட இந்த வேகத்தில் வந்ததில்லை சார் என்றார். நல்ல மனுஷன்தான், நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

நல்ல மனுஷனாக இருந்தாலும் கையில் போன் இருந்தது. நான் கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் வீடியோ வீட்டுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்த மனைவி முதலில் கீழே குனிந்து நாயை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், செயினை அவிழ்த்ததற்கு எனக்குக் கொடுக்க வேண்டியதைக் குறையில்லாமல் கொடுத்தாள், அதற்கப்புறம் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழியும் வரை சிரித்தாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். குரல் நல்லா இருக்கு, இத்தனை வருஷம் வீணாப் போச்சு என்றாள். மகள் அதைப் பெங்களூரில் தன் ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டாள்.

பிரிட்ஜ் கதவிலிருந்து பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒரே ஒரு பாடம்தான் எடுத்துக்கொண்டேன்: காத்திருப்பது. காக்காய்ச் சோற்றை வைத்தே பழக்கினேன். உருண்டையைத் தொட்டி மூடிக்குக் கொண்டுபோவேன், நாய் எழுந்தால் உருண்டையும் மேலே எழுந்துவிடும், உட்கார்ந்தால் கீழே இறங்கும். கத்தல் இல்லை, இழுப்பு இல்லை. முதல் நாள் இரண்டு நொடி உட்கார்ந்தது, அதற்கே ஒரு துண்டு கொடுத்தேன். மறுநாள் மூன்று நொடி. கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டி மூடியில் சோறு இருக்க, நான் சொல்லும் வரை உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் அதற்கென்று தனியாக மூன்றாவது உருண்டை. ஆனால் காக்காயைக் கூப்பிடுவது மட்டும் இன்னும் மனைவிதான். கடற்கரையில் கூப்பிட்டது நாயை. மாடியில் கூப்பிடுவது வேறு.

பிறகு ஒரு அமாவாசை வந்தது. குளித்துவிட்டு மாடிக்குப் போனேன். மனைவி சோற்றுத் தட்டை என் கையில் கொடுத்து, தொண்டை கட்டிக்கொண்டது, நீங்களே கூப்பிடுங்கள் என்றாள். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் பால்காரரோடு தெருவே கேட்க வாதாடினாள். மாமனார் பங்கைச் சுவரில் வைத்தேன். அப்பா பங்கைத் தொட்டி மூடியில் வைத்தேன். நாய்ப்பங்கைத் தரையில் வைத்தேன்.

ஒருமுறை கூப்பிட்டேன். படியேறி வந்த நாய் தொட்டி முன்னால் உட்கார்ந்து, மூன்று உருண்டையையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு டிஷ்மேல் ஒரே ஒரு காக்காய், தலை நிமிராமல் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டேன். காக்காய் தொண்டைக்குள்ளேயே ஏதோ ஒரு சத்தம் போட்டது, நகரவில்லை. நாய் உட்கார்ந்தே இருந்தது, எச்சில் மட்டும் சொட்டியது. வரமாட்டார் என்று நினைத்தேன். பதினோரு வருடம் கூப்பிடாதவன் கூப்பிட்டால் யார்தான் வருவார்கள்? மனைவி என் முதுகில் கை வைத்தாள்.

மூன்றாம் முறை கூப்பிட்டேன். எழுந்து வந்தார்.